வியாழக்கிழமை வரும் ரேம்

கம்ப்யூட்டருக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டது என் மகன் கிரகோரிதான். அந்தக் கறுப்புப் பெட்டியை மாடியிலிருந்து அவனே தூக்கி வந்து, என் மைவி காரின் முன் இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, ஒரு தடவை ஆட்டியும் பார்த்தான். நான் சாவியைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சாப்பிட்ட தட்டைக்கூடக் கீழே கொண்டு வராமல் மாதக்கணக்காக அறைக்குள் கிடந்த பிள்ளை இது.

"வேகமான ரேம் போட்டா பிரயோஜனம் உண்டான்னு கேளுங்கம்மா. டவுன் கடையில கேளுங்க. இங்க பெர்மாஸ்ல இருக்கறவனுக்கு ஒன்னும் தெரியாது" என்றான். நான் வண்டியைக் கிளப்பியதும் ஜன்னல் பக்கம் குனிந்து, "அவசரம் இல்ல. மெதுவா வாங்க" என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று காலை அவன் தாடியை மழித்திருந்தான். அறையைக் கூட்டித் துடைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைதான் தன் கித்தாரை என் தங்கச்சி மகள் ஜாக்லினிடம், "சும்மாதானே கெடக்கு, நீ வாசி" என்று கொடுத்துவிட்டிருந்தான். பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம், "என் பிள்ளை தேறிட்டான்" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கத்திச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வேறு, அந்தோணியாருக்கு உகந்த நாள். போகிற வழியில் கோயிலில் இறங்கி அந்தோணியாருக்குப் பெரிய மெழுகுவர்த்தியாகப் பார்த்து ஏற்றி, நன்றி சொல்லிவிட்டுத்தான் டவுனுக்குப் போனேன்.

கிரகோரி படித்தது அனிமேஷன். கடைசி வருடப் படத்தைக் கொடுக்க வேண்டிய நாளில் கம்ப்யூட்டர் உறைந்துபோய்விட்டது என்றான். ஃபெயில். மறுபடி செய்தான், மறுபடியும் அதே கதை. என் வீட்டுக்காரர் பிரெட்ரிக் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், எலும்பெல்லாம் கழன்று ராத்திரி வருகிற மனுஷன். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். வேண்டுமென்றே சொன்னதல்ல. எங்கள் வீட்டில் தினம் ஒரு பழமொழி உப்பு மாதிரி விழும். ஆனால் கிரகோரி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மேலே போனான். அதற்குப் பிறகு அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவள் மட்டும் என் கையில் கிடைத்தால் பளார் என்று ஒன்று விடுவேன்.

கூடம் கோணல்தான் என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிட மாட்டார்களா என்பதே எனக்கு வேலையாகப் போயிற்று. ரேம் என்றால் என்னவென்று தெரியாமலே கண்டவர்களிடமெல்லாம் ரேம் பற்றி விசாரித்தேன். கோயில் பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசிப்பவர், அளவுதான் முக்கியம், வேகம் பெரிசில்லை என்றார். என் தம்பி, வேகம்தான் எல்லாம் என்றான். குற்றம் பெட்டியில் இருந்தால் காசைக் கொட்டிச் சரிசெய்துவிடலாம். பிள்ளையில் இருந்தால் நான் எந்தக் கடைக்குப் போவேன்?

டவுன் கடையில் நவ்சாத் என்ற பையன் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "ஆன்ட்டி, இதுல ரேம் நெறையவே இருக்கு லா. இன்னும் வேகமானது போட்டாலும் இந்த போர்டு அத இழுத்துப் பிடிச்சு, தன் வேகத்துலதான் ஓட விடும். சல்லிக் காசுக்குப் பிரயோஜனம் இல்ல. இப்ப ரேம் விலையும் தங்கம் மாதிரி ஏறிக் கெடக்கு."

"நல்லாப் பாருப்பா. ஸ்லோவா இருக்குன்னு பிள்ளை சொல்றான்."

"ஸ்லோ இல்ல, ஆன்ட்டி."

"ஸ்லோதான்!" என்று நான் கத்தியதில் கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் ஒரு தடவை ஆமாம் என்று சொல்லியிருந்தால், அதைப் போனில் பதிவு செய்து பிரெட்ரிக்கின் காதில் வைத்து அழுத்தியிருப்பேன்.

நவ்சாத் பாவம், பொறுமைக்காரன். வயர்களைச் சொருகி, "பாருங்க, எவ்ளோ சீக்கிரமா தொறக்குதுன்னு" என்று விசையை அழுத்தினான். திரையைப் பார்த்தவன் முகம் மாறியது. "அலாமாக். உங்க மகன் இத விக்கப் போறாரா?"

"ஏன்ப்பா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டாரு. உள்ள ஒன்னுமே இல்ல. பெட்டியிலேர்ந்து புதுசா எடுத்த மாதிரி, எந்த நாடு, என்ன மொழின்னு கேக்குது பாருங்க."

அவன் பள்ளிக்கூட நாளிலிருந்து செய்த பொம்மைப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஒரு நொண்டிக் காகம் உண்டு. தத்தித் தத்திப் போய் வடையை வாங்கிவிட்டு, வரிசையில் நின்று காசு கொடுக்கும். என்னை அடுப்படியிலிருந்து இழுத்துப்போய்க் காட்டி, நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். தீ பிடித்தால் முதலில் இதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்று சொன்ன பிள்ளை, அதைத் தன் கையாலேயே துடைத்திருக்கிறான். துடைத்துவிட்டு எனக்கு ஒரு வேலை கொடுத்து வெளியே அனுப்பியிருக்கிறான். தாடி. கித்தார். மெதுவா வாங்க.

ஐயோ, நான் மெழுகுவர்த்தி ஏற்றினேனே. சாகப் போகிறவன் வீட்டை ஒழுங்கு செய்ததைப் பார்த்து, தேறிவிட்டான் என்று ஊருக்குச் சொன்னேனே. என் பிள்ளை செத்துப்போகப் போகிறான் என்பது அந்தக் கடையில், அந்தத் திரைக்கு முன்னால்தான் எனக்கு விளங்கியது. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

கிரகோரி போனை எடுக்கவில்லை. பிரெட்ரிக்கைக் கூப்பிட்டு, "பிள்ளை ஏதோ பண்ணிக்கப் போறான், வாங்க" என்றேன். பின்னால் மிஷின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "வரேன்" என்றார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. அவருக்கும் அந்தப் பயம் உள்ளேயே இருந்திருக்க வேண்டும். பெர்மாஸ் பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. ராஜம்மாவைப் போனில் கூப்பிட்டு, எங்கள் வீட்டில் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"கூப்பிட்டுப் பாத்துட்டேன் ஐலீன், சத்தத்தையே காணோம். கதவு பூட்டியிருக்கு" என்றாள்.

"ஜன்னல உடைங்க!"

"எதால உடைக்க?"

"எதாலயாவது உடைங்க! என் பூத்தொட்டி இருக்குல்ல, அத எடுத்து அடிங்க!"

அவள் வைத்ததும் போன் மறுபடி அடித்தது. கிரகோரி என்று பாய்ந்து எடுத்தேன். நவ்சாத். "ஆன்ட்டி, கம்ப்யூட்டர விட்டுட்டுப் போயிட்டீங்க."

முன்னால் சிவப்பு விளக்குகள் அசையவில்லை. இரண்டு பக்கமும் மோட்டார்கள் புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தன. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. "தம்பி, அந்த வேகமான ரேம் கடையில இருக்கா?"

"இல்ல. கோலாலம்பூர்லேர்ந்து வரணும், வியாழக்கிழமை ஆயிடும். ஆனா நாந்தான் சொன்னேனே ஆன்ட்டி, அது இதுல..."

"வியாழக்கிழமை கண்டிப்பா வந்துடுமா?"

"வந்துடும். ஆனா திருப்பிக் கொடுக்க முடியாது. வேஸ்ட், ஆன்ட்டி. நான் பொய் சொல்லி விக்க மாட்டேன்."

"நீ ஆர்டர் போடு" என்றேன். "வியாழக்கிழமை வந்தா போதும். போடுப்பா." அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "சரி ஆன்ட்டி, போட்டுட்டேன்" என்றான். அந்தோணியாரிடம்கூட நான் இப்படிக் கெஞ்சியதில்லை.

வீட்டு வாசலில் வண்டியைக் கோணல்மாணலாக நிறுத்திவிட்டு இறங்கினேன். கூடத்து ஜன்னலில் கண்ணாடி இல்லை. என் பூத்தொட்டி சோபாவில் மண்ணோடு கிடந்தது. கதவு திறந்திருந்தது. நடுக்கூடத்தில் ராஜம்மா ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிரகோரியின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டிருந்தான். உயிரோடு இருந்தான். ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தேன்.

"இந்த ஆன்ட்டிக்கு என்ன ஆச்சும்மா?" என்றான். சத்தம் கேட்டு இறங்கி வந்திருக்கிறான். குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது.

"ஒன்னும் ஆகல. மேல வா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ராஜம்மா எங்கும் போகவில்லை. படிக்கட்டின் கீழே நின்றுகொண்டாள்.

அறையில் கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. மேசை காலி. கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் அவன் கைக்கடிகாரமும் அடையாள அட்டையும் பேங்க் கார்டும் வரிசையாக இருந்தன. நான் அவற்றைப் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"கடையில என்ன சொன்னாங்க? பிரயோஜனம் உண்டாமா?" என்றான்.

"உண்டு. ரொம்ப உண்டுன்னு சொன்னான். ஆர்டர் போட்டுட்டேன். வியாழக்கிழமை வருது. நீதான் வந்து மாட்டணும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "அந்த போர்டுல அது வேகமா ஓடாதும்மா. எனக்கு முன்னாலயே தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றேன். "தெரிஞ்சுதான்டா போட்டேன்."

அதற்கு மேல் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மழித்த தாடையில் சின்னதாக ஒரு வெட்டு இருந்ததைக் காலையில் நான் கவனிக்கவேயில்லை. "செத்துப் போயிடாதடா, ஐயா" என்றேன். "அப்பா வந்துட்டிருக்காரு. மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம், டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்றோம். வியாழக்கிழமை கடைக்குப் போறோம். அதுக்கப்புறம் என்னான்னு அம்மாவுக்குத் தெரியல. அது வரைக்கும் இரு."

நான் மேசையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அவன் கையில் கட்டப் பார்த்தேன். வாரின் துளையில் ஊசி இறங்கவேயில்லை. கீழே ராஜம்மா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளும் சத்தம் கேட்டது. நான் மறுபடி மறுபடி குத்திப் பார்த்தேன். அவன் மணிக்கட்டை எனக்கு வாகாகக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தான்.