அறிமுகம் செய்து வைத்தவர்

விழுந்தது ஒரே ஓர் அறைதான். ஆனால் சத்தியம் செய்து மாஃபியா குடும்பத்துக்குள் வந்த ஒருவன்மேல் இன்னொரு சத்தியக்காரன் கை வைத்தால் சாவு. எங்கள் புரூக்ளினில் அதற்கு மன்னிப்பு கிடையாது. அறைந்தவன் லிபோரியோ, மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கும் பயல். செத்துப்போன தங்கையின் மகனான அவனைத் தூக்கி வளர்த்தவர் காஸ்பரே லிகாத்தா. குடும்பத்தின் ஆலோசகரும் அவரேதான். பாருங்கள் கொடுமையை!

தலைவர் டான் நெனெ எதைத் தீர்ப்பதற்கு முன்பும் காஸ்பரேயிடம் ஒரு வார்த்தை கேட்பார். முப்பது வருட வழக்கம். மற்றவர்களெல்லாம் தலைவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். காஸ்பரே உள்ளதைச் சொல்வார். அதற்காகத்தான் அவருக்கு அந்த நாற்காலி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, உணவகத்தின் பின்னறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். மத்தி மீன் போட்ட பாஸ்தாவைத் தலைவர் ஒருவர்தான் சாப்பிட்டார். மற்றவர்கள் தட்டைத் தொடவில்லை.

"சலூன்ல முகமெல்லாம் சோப்பு நுரையோட உக்காந்திருந்தேன். பத்து பேர் பாக்க அறைஞ்சான்," என்றான் அடி வாங்கிய மெல்கியோரே.

"என் பொண்டாட்டியப் பத்தி நீ என்ன சொன்னே? அதையும் சொல்லேன்டா!" என்று லிபோரியோ எகிறினான்.

"உக்காரு," என்றார் தலைவர், தட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "அவன் என்ன வேணா சொல்லியிருக்கட்டும். நேரா உன் மாமாகிட்ட வந்து முறையிட்டிருக்கணும். கை நீட்டினியா, இல்லியா?"

"நீட்டினேன்."

அட மடப்பயலே, கொஞ்சம் இழுத்தாவது சொல்லக் கூடாதா! காஸ்பரே மனதுக்குள் திட்டினார்.

"காஸ்பரே, மருமகன்னு பாக்காம சொல்லுங்க. என்ன செய்யலாம்?"

காஸ்பரே கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். இரண்டு நாளாகத் தூங்காமல் யோசித்ததில் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சத்தியக்காரன் எவனும் புது ஆளிடம் தானே போய், நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இருவரையும் அறிந்த மூன்றாவது சத்தியக்காரன் ஒருவன் நடுவில் நின்று அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அதுவரை அவன் இவனுக்கு யாரோ. யாரையோ அறைந்தால் சாவு கிடையாது.

"மெல்கியோரே, நீ பஃபலோ ஊர்லேருந்து இங்க வந்து நாலு மாசம் இருக்குமா? லிபோரியோவுக்கு உன்ன அறிமுகம் பண்ணி வெச்சது யாரு?"

மெல்கியோரே சிரித்தேவிட்டான். "என்ன பெரியவரே, விளையாடறீங்களா? நீங்கதானே! பிப்ரவரியில, அந்தக் கல்யாண விருந்துல!"

உண்மைதான். காஸ்பரேதான் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்தார். நல்லவேளையாக, பக்கத்தில் வேறு யாரும் நின்றதாக அவருக்கு நினைவில்லை.

"இல்லே," என்றார் காஸ்பரே.

"என்னது? இல்லியா?"

லிபோரியோ திகைத்துப் போய் அவரைப் பார்த்தான். "மாமா, அன்னிக்கு நீங்க..."

மேசைக்கு அடியில் காஸ்பரே அவன் காலை ஓங்கி மிதித்தார். "பெரியவங்க பேசறப்ப நடுவுல என்ன? வாய மூடு!" பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "பண்ணி வைக்கணும்னுதான் இருந்தேன். கூட்டத்துல மறந்துட்டேன். வயசாயிடுச்சு. தப்பு என்மேலதான். இவன் யாரோ ஒரு வழிப்போக்கன அறைஞ்சிருக்கான், அவ்வளவுதான்."

"பொய்!" மெல்கியோரே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"என் ஆலோசகரையா பொய்யர்ங்கற?" தலைவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் கன்னத்துல முத்தம் குடுத்துட்டுக் கிளம்புங்க. இதோட முடிஞ்சது."

முத்தம் கொடுத்தார்கள், விஷம் குடிக்கிற முகத்தோடு. கதவு சாத்தியதும் காஸ்பரேக்கு அழுகையே வந்துவிட்டது. பையன் பிழைத்தான், அது போதும். தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

"நல்லா கண்டுபிடிச்சே," என்றார் நெனெ. தனியே இருந்தால் இருவருக்குள்ளும் நீ, வா, போ பேச்சுதான். "அந்தக் கல்யாணத்துல அவனுங்க கைய நீ சேத்து வெச்சப்போ நான் உன் முதுகுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

காஸ்பரே கைக்குட்டையை மடித்து மேசைமேல் வைத்தார்.

"லிபோரியோ விஷயம் முடிஞ்சது, சொன்ன சொல்ல மாத்த மாட்டேன். ஆனா முப்பது வருஷத்துல எங்கிட்ட பொய் சொல்லாத ஒரே ஆளு நீதான்டா. இனிமே நான் யாரப் போய்க் கேப்பேன்?" நெனெயின் குரல் உடைந்தது. அப்படி உடைந்து காஸ்பரே கேட்டதே இல்லை. "நீயே சொல்லு. இந்த மேசையில பொய் சொன்னவனுக்கு என்ன?"

கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதுதானே வேலை?

"சாவு," என்றார்.

நெனெ தலையாட்டினார்.

இப்படிப்பட்ட காரியத்துக்கு, சாகப்போகிறவனுக்கு மிக நெருங்கிய ஆளைத்தான் அனுப்புவார்கள். அந்த ஆள் கூப்பிட்டால் சாகப்போகிறவன் சந்தேகமில்லாமல் காரில் ஏறுவான் என்று கணக்கு. எத்தனையோ தடவை அந்த ஆளைத் தேர்ந்து சொன்னவரே காஸ்பரேதான்.

"ஒரே ஒரு யோசனை, நெனெ," என்றார். "லிபோரியோவ மட்டும் அனுப்பாதே. வேற யாரு வந்து கூப்பிட்டாலும், ஒரு வார்த்தை கேக்காம நான் கார்ல ஏறிடறேன்."