கேட்பவர் விழித்துக்கொண்ட ஆண்டு

கேட்பவர் விழித்துக்கொண்ட செவ்வாய்க்கிழமை காலையில், அறுபது வயதுத் தபால்காரருக்குக் கடிதம் பிரித்துக்கொண்டிருக்கும்போதே கருகருவென்று மீசை முளைத்தது. தபால்காரர் அதை வேண்டிக்கொண்டது முப்பத்துநாலாவது வயதில், தன் கல்யாணத்துக்கு முந்தின நாள். ஆதியில் அந்த ஊருக்கு மூன்று தெய்வங்கள் இருந்தன. ஒருவர் உப்பு வண்டிக்காரர்களோடு பேசிச் சிரித்தபடியே எல்லை தாண்டிப் போய்விட்டார். இன்னொருவர் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து, கடைசியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்து, யாரோ வீடு பெருக்கும்போது தொலைந்துபோனார். மிஞ்சியவர் கேட்பவர் ஒருவர்தான். அவர் மேட்டின் மேல் ஒரு நீண்ட மதிலுக்குப் பின்னால் இருந்தார். மதிலில் தேனடை மாதிரி ஓட்டைகள். வேண்டுதல் உள்ளவர்கள் ஓட்டையில் வாயை வைத்துச் சொல்வார்கள். மதில்காரர் அதைக் களிமண்ணால் அடைத்து, மேலே தேதியைக் கீறி வைப்பார். கேட்டது கிடைக்காமல் போவது ஊருக்குப் புதிதில்லை என்பதால், கேட்பவர் தூங்கிப்போனதே நாலைந்து வருஷம் யாருக்கும் தெரியவில்லை. குறட்டைச் சத்தம் தெருவரைக்கும் வந்த பிறகுதான் தெரிந்தது. அப்போதும் மக்கள் சொல்வதை நிறுத்தவில்லை. சொல்லிவிட்டு வந்தால் மனசு லேசாகிறது என்றார்கள். மதில் வளர்ந்து வளர்ந்து மேட்டைச் சுற்றி வந்துவிட்டது.

இருபத்தாறு ஆண்டுத் தூக்கம் கலைந்து எழுந்தவர், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒரு நாள் வேண்டுதல். அன்றைய தேதியில் இருபத்தாறு ஆண்டுக்கு முன் என்ன சொல்லப்பட்டதோ அது, சொன்ன மணிக்குச் சரியாக நடந்தது. களிமண் அடைப்பு தானாக உதிரும், அவ்வளவுதான். தச்சர் ஒருவரின் காய்ச்சல் இறங்கியது. அவர் செத்து இருபத்தாறு ஆண்டாகிறது, அவருடைய கல்லறைப் பலகை அரை மணி நேரம் வியர்த்து ஓய்ந்தது. ஐம்பத்தாறு வயதான பாத்திரக்கடைக்காரிக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. சுண்ணாம்புச் சூளை முதலாளியின் மனைவி, கல்யாணமான புதிதில் அடி தாங்காமல் “இந்த மனுஷன் கண்ணுக்கு முன்னால இருக்கக் கூடாது” என்று சொல்லியிருந்தாள். அவர் குடியை விட்டு, கோபத்தை விட்டு, பத்து ஆண்டாக அவளுக்குக் கால் பிடித்துவிடுகிற ஆளாக மாறியிருந்தார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே இல்லாமல் போனார். தட்டு மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு ஊரில் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. இருபத்தாறு ஆண்டுக்கு முன் தனக்கு யார் யார் ஆகாது என்று ஒவ்வொருவரும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள். ரொட்டி சுடுகிறவர் குடும்பத்தோடு இரண்டு நாள் பயண தூரத்துக்கு ஓடிப் பார்த்தார். வேண்டுதல் அங்கேயும் தேடி வந்தது.

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற அக்கா மட்டும் பதறாமல் இருந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. ஊர் முழுக்க அவளுக்கு ஸ்டேஷன் அக்கா என்றுதான் பெயர். தாமதம் என்பதைக்கூட நல்ல செய்தி போலச் சொல்லும் குரல் அவளுடையது. அவள் மதிலில் வாய் வைத்தது ஆயுளில் ஒரே ஒரு தடவை, மழை மாதம் பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு. அந்த வேண்டுதலைக் கேட்பவர் நிறைவேற்றாவிட்டாலும் அது தானாகவே பலித்துவிட்டது என்று நினைத்திருந்தாள். அந்த வேலைக்கான குரல் தேர்வுக் கடிதம் உண்மையில் அவள் தங்கைக்கு வந்தது. உறையில் பெயரின் முதலெழுத்து மட்டும் இருந்தது, இருவருக்கும் ஒரே எழுத்து. தபால்காரரிடமிருந்து வாங்கியவள் அலமாரியில் விரித்திருந்த தாளுக்கு அடியில் அதைச் செருகிவிட்டு, தேர்வு நாளில் தானே போய் நின்றாள். வேலை கிடைத்த பின் குற்றம் நெஞ்சைக் குடைந்தது. மதிலுக்குப் போய், “தங்கச்சிக்கு இது தெரியவே கூடாது” என்றாள். முதல் சம்பளத்தில் தங்கைக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒன்று: சால்வை, மேசை விளக்கு, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. தங்கை, இருவரும் இருந்த வீட்டின் முன்னறையிலேயே தையற்கடை வைத்து, கல்யாணம் முடித்து, கணவனைப் பறிகொடுத்து, அதே அறையில் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டால், “ரயிலுக்கே நேரம் சரியா இருக்கு” என்பாள்.

மழை மாதம் பிறந்ததிலிருந்து தங்கைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தாள். ஆறாம் தேதி மாலை அக்கா வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே, மெஷினை விட்டு எழுந்து வந்து சொல்லிவிட்டாள்.

“அக்கா, ஒன்பதாம் தேதி உன் குரல் போயிடும். நாலரை மணிக்கு. நான்தான் கேட்டேன்.”

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“கடிதத்தைப் பாத்தியா?”

“அலமாரித் தாள மாத்தும்போது பாத்தேன். நேரா மதிலுக்குப் போனேன். அவ குரல் நின்னு போகணும்னு சொன்னேன். இறங்கி வரும்போதே ஏன்டா சொன்னோம்னு ஆயிடுச்சு. எதுவும் நடக்கல, சரி, தப்பிச்சோம்னு இருந்தேன்.”

“இத்தனை வருஷமா தெரியுமா உனக்கு?”

“மெஷினத் தூக்கிட்டு வந்து எறக்குனியே, அப்பவே தெரியும். சால்வைக்கும் தெரியும். விளக்குக்கும் தெரியும். ஒவ்வொண்ணையும் வாங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அக்காவுக்கு அந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் கூசியது. மறைத்துவிட்டோம் என்று எண்ணி இருபத்தாறு ஆண்டு அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அதே கூரையின் கீழ் தெரிந்தே ஒருத்தி விழித்திருந்திருக்கிறாள். அக்கா தன் வேண்டுதலையும் ஒளிக்காமல் சொன்னாள். தங்கை அழுவாள் என்று எதிர்பார்த்தாள். தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது.

“அப்ப பத்தாம் தேதி எனக்கு எல்லாம் மறந்துபோயிடுமா? நீ செஞ்சதும், நான் செஞ்சதும்? வேலைய எடுத்துக்கிட்ட, சரி. இதையும் எடுத்துக்கப் போறியா? உன்னை இப்படி ஆக்கிட்டு, யாரோ பண்ணின மாதிரி நான் திரியணுமா?”

மறுநாள் இருவரும் மேட்டுக்குப் போனார்கள். மதில்காரர் பொறுமையாகக் கேட்டார். ஒரு மாதமாக ஊரே அவரிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

“திருப்பி எடுத்துக்கங்கம்மா, யாரு வேணாம்னா? ஆனா வேணாம்னு கேக்கறதும் ஒரு வேண்டுதல்தானே. கடைசியில புது ஓட்டை போட்டிருக்கோம், அங்க போய்ச் சொல்லுங்க.”

“எப்ப நடக்கும்?” என்றாள் தங்கை.

“இன்னைக்குச் சொன்னா இருபத்தாறு வருஷம்.”

“எழுபத்தேழு வயசுல குரல் வந்து நான் எந்த ரயிலக் கூப்பிட?” என்றாள் அக்கா. மதில்காரர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருத்தப்பட்டார். ஆனாலும் இருவரும் சொல்லி அடைத்துவிட்டுத்தான் வந்தார்கள். இறங்குகிற வழியில் அக்கா, “என்னை மன்னிச்சிரு” என்றாள். வாழ்நாளில் லட்சம் பேருக்கு வழி சொன்ன குரலில் அது நன்றாக வரவில்லை. தங்கை பத்தடி நடந்த பிறகு, “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். இன்னும் பத்தடி நடந்து, “ஒண்ணு மட்டும் சத்தியம் பண்ணு. எனக்கு மறந்ததும் நீ எழுதிக் காட்டணும். ஒண்ணு விடாம” என்றாள். அக்கா சத்தியம் செய்தாள்.

எட்டாம் தேதி முழுக்க அவர்கள் பேசினார்கள். சின்ன வயதில் ஒரே பாவாடைக்குச் சண்டை போட்டதிலிருந்து, அப்பா சாகும்போது யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்பதுவரை. தங்கை இரண்டு தடவை கத்தினாள், ஒரு தடவை கிண்ணத்தைப் போட்டு உடைத்தாள். அக்கா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள், குரல் இருக்கும்வரை வாயை மூடக் கூடாது என்பதுபோல.

ஒன்பதாம் தேதி மேலதிகாரி விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் கேட்கவில்லை. வழக்கம்போல மைக்கைத் துணியால் துடைத்து, நேர அட்டையை எதிரே சாய்த்து வைத்தாள். அறையின் கண்ணாடி வழியே பார்த்தபோது, தங்கை தைத்த துணியைக்கூட மடித்து வைக்காமல், கழுத்தில் அளவு நாடாவோடு நடைமேடைத் தூணுக்குப் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. நாலு இருபத்தெட்டுக்கு வடக்கே போகும் வண்டியை அறிவித்தாள். நாலு இருபத்தொன்பதுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பயணிகள் கவனத்திற்கு, இரண்டாவது நடைமேடையில்” என்று தொடங்கினாள். அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் காற்றுச் சத்தம்தான் வந்தது. மேட்டில் ஓர் அடைப்பு உதிர்ந்தது. நடைமேடையில் இருந்தவர்கள் பெட்டியைக் கையில் தூக்கியபடி மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். தங்கை இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கை அவளுக்குத் தலை வாரிவிட்டாள். சிக்கெடுக்கும்போதெல்லாம், “வலிக்குதா?” என்று கேட்டாள், பதில் வராது என்பது ஒவ்வொரு முறையும் தாமதமாகத்தான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. படுக்கப் போகும்முன், “நீ கேட்டியே, அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரிஞ்சிடுச்சு. காலையில சொல்றேன், இப்ப சொன்னா அழுதுடுவேன்” என்றாள்.

காலையில் இருவருமே பிந்தி எழுந்தார்கள். வாடிக்கையாளர் ஒருவர் பொத்தான் பிய்ந்த சட்டையோடு வந்து நின்றார். அவரை அனுப்பிவிட்டு, தங்கை மெஷினில் நூலைக் கோத்துப் பல்லால் நுனியைக் கடித்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தை அக்கா பார்த்தாள். வேகமாகச் சொல்லு என்று கையசைத்தாள்.

“அக்கா,” என்றாள் தங்கை. பிறகு அவள் நெற்றி மெல்லத் தளர்ந்தது. இருபத்தாறு ஆண்டாக அங்கே ஒரு சுருக்கம் இருந்தது என்பது, அது போன பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. “என்னமோ சொல்ல வந்தேன். மறந்தே போச்சு பாரு.”

அவள் எழுந்து போய் நேற்று விட்ட துணியைத் தைக்கத் தொடங்கினாள். தைத்துக்கொண்டே, அக்கா குரலைக் கெடுத்தது எந்தப் பாவியோ, அவன் கை விளங்குமா என்று ஆரம்பித்து, தெருவில் உள்ளவர்களை ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டாள். பேச்சில் வருத்தம் இருந்தது, கசப்பு இல்லை. பேச்சு தீர்ந்ததும் முணுமுணுப்பாக ஒரு பாட்டைப் பாடினாள். எத்தனை நல்ல குரல் அது என்று அக்காவுக்கு அன்றுதான் மறுபடி கேட்டது.

சத்தியம் செய்தபடி அக்கா எழுதினாள். கடிதத்திலிருந்து தொடங்கி ஒன்று விடாமல், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி நீட்டினாள். தங்கை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள். “வெறுந்தாளக் குடுத்து என்னத்தப் பாக்கச் சொல்ற?” என்றாள். அக்கா பென்சிலை மாற்றி மையால் எழுதினாள், பெரிய எழுத்தில் எழுதினாள், பெட்டிக்கடைக்காரரைக் கூட்டிவந்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அவர் படித்து முடித்தபோது தங்கை, “இருமல் ரொம்பப் பிடிச்சிருக்கு போல, கஷாயம் குடிங்க” என்றாள். தான் கேட்டதில் கேட்பவர் ஒரு நூல் அளவுகூடக் குறை வைக்கவில்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. புரிந்தும் அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். பேச முடியாதவளுக்கு இப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது என்று தங்கை அதையும் வாங்கிக்கொண்டாள்.

நல்ல தாளை வீணாக்க அவளுக்கு மனசு வரவில்லை. காலருக்கும் கைக்கும் தோளுக்கும் வடிவம் வெட்ட அதையே எடுத்துக்கொண்டாள். வெட்டிய தாள்கள் முன்னறைச் சுவரில் ஆணிகளில் தொங்கின. ஒரு காலரில் மறைத்த கடிதம் இருந்தது, ஒரு கையில் மதிலில் சொன்ன சொல், ஒரு முதுகில் மன்னிச்சிரு என்பது முழுதாக. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஊரில் தைக்கக் கொடுக்கிற எல்லோரும் அதைப் படித்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை. அவரவருக்கும் மதிலில் இன்னும் உதிராத அடைப்புகள் இருந்தன. அளவு கொடுக்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்து நிற்பார்கள், மூலையில் பொத்தான் வைத்துத் தைக்கிற அக்காவைப் பார்ப்பார்கள், தங்கை நாடாவைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள்.