மூன்றாவது தந்தி

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைப் பக்கம் சிவராமகிருஷ்ணனுக்கு ‘இரும்பைக் கண்டா ஓடுற சார்’ என்றுதான் பேர். ஓர் ஆராய்ச்சி நிலையம் அவரைத் தற்காலிக வேலைக்கு அனுப்பியிருந்தது. கூடவே, பூமியின் காந்தம் ஆடுவதைக் காகிதத்தில் கோடாகப் போடும் கருவி ஒன்றையும் அனுப்பியிருந்தது. அது ராஜமாணிக்கம் வீட்டின் பின்கட்டு அறையில் இருந்தது. பக்கத்தில் இரும்பு அசைந்தால் கோடு கெட்டுப்போகும். அதனால் இரவுச் சூளைவேலை முடிந்து அலுத்து வரும் ராஜமாணிக்கம், பாவம், சைக்கிளைத் தெருக்கோடியில் போட்டுவிட்டு நடந்து வருவான். அவன் மனைவி அம்சவல்லி இரும்பு வாளியைக்கூட அம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

1972 ஆகஸ்டில் சூரியன் சீறி, பெரிய காந்தப் புயல் வந்தது. கோடு தறிகெட்டு ஓடிவிட்டு அடங்கியது. அடங்கின பிறகுதான் விசேஷமே. பூமியைச் சுற்றி வெகு உயரத்தில் பிளாஸ்மா என்று ஒரு மின்வாயு இருக்கிறது. புயலுக்குப் பின் சில சமயம் அது மெல்ல அதிரும். அப்போது கோடு பருத்தும் சிறுத்தும் முத்துக் கோத்த மாதிரி விழும். அதைப் பிடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று தலைமை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நிரந்தரமானால்தான் அண்ணன் வீட்டில் விட்டுவைத்திருக்கும் மனைவி ஜயாவை அவர் அழைத்துவர முடியும்.

ஞாயிற்றுக்கிழமை ஜயாவைப் பார்க்கப் போய்விட்டுத் திங்கள் காலை வந்தால், ஞாயிறு காகிதத்தில் முத்துச்சரம். ‘அலை கிடைத்தது’ என்று ஓடிப்போய்த் தந்தி அடித்தார்.

அதற்கப்புறம்தான் குழப்பம் பிடித்தது. திங்களும் அதே முத்து, செவ்வாயும் அதே முத்து. காலையில் கொஞ்சம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறைய. வானத்துக்கு எதற்கு மத்தியானக் கணக்கு? கருவியைத் தட்டினார், ஒயரைத் திருகினார், தன் இடுப்புச் சாவியைக்கூடக் கழற்றி வைத்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை தண்ணீர் கேட்டு முன்கட்டுக்குப் போனார். கருவி அறைச் சுவருக்கு அந்தப் பக்கம், சில நாள் முன்புதான் அங்கே மாற்றிக் கட்டிய தூளியை அம்சவல்லி ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தள்ளு தள்ளுவாள், ஆட்டம் தேயும், மறுபடி தள்ளுவாள். தூளியின் அடியில் துணி சுற்றி ஏதோ கட்டியிருந்தது.

“அது என்னம்மா?”

“கருக்கருவா சார், கதிரு அறுக்கற அருவா. காத்து கருப்பு அண்டாம கட்டியிருக்குது.”

“இரும்பே கூடாதுன்னு சொன்னேனே.”

“இது இரும்பு சாமானா சார்? புள்ளைக்குக் காவலுக்கு வெச்சது.” அவள் நிஜமாகவே திகைத்தாள். “மொதப் புள்ள தங்கல சார். அதான்.”

ஒரே ஒரு நாள் அதை அவிழ்த்து வைக்கச் சொன்னார். தன் வேலை இதில்தான் தொங்குகிறது என்றும் சொன்னார். அவள் தூங்கும் பிள்ளையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவிழ்த்துத் தெருக்கோடியில் சைக்கிள்மேல் வைத்துவிட்டு வந்து, அன்று முழுக்கப் பிள்ளையின் மேலிருந்து கையை எடுக்காமலே தூளியை ஆட்டினாள். கோடு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. ஒரு முத்துகூட இல்லை.

மறுநாள் தபாலாபீஸ் திறந்ததும் இரண்டாவது தந்தி அடித்தார்: ‘அலை பொய். தூளியின் அரிவாள். மன்னிக்கவும்.’ ஜயாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வருகிற வழியில் அரிவாளைத் தானே எடுத்துவந்து அம்சவல்லியிடம் கொடுத்தார்.

“கட்டிக்கோம்மா. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து உன் தூளிதான் என்னை ஏமாத்தியிருக்கு.”

அவள் அரிவாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தூளியில் கட்டினாள். கட்டி முடித்துத்தான் நிமிர்ந்தாள்.

“ஞாயித்துக்கெழமையா சார்? அன்னிக்கு நாங்க வூட்டுலயே இல்லியே. வேண்டுதலுக்கு ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தோம். தூளியச் சுருட்டிக் கூடவே எடுத்துக்கினு போயிட்டோம். ராத்திரி கடைசி பஸ்ஸுலதான் வந்தோம்.”

“தூளி, அரிவாள், எல்லாமேவா?”

“அருவா இல்லாம புள்ளைய எப்படி சார் வெளிய தூக்கிக்கினு போறது?”

சிவராமகிருஷ்ணன் விரல்விட்டு நாள்களை எண்ணினார். அப்படியானால் ஞாயிறு காகிதத்தில் விழுந்தது வானத்திலிருந்து வந்ததுதான். மற்றதெல்லாம் தூளி. நிஜமான ஒன்றைத் தன் கையாலேயே பொய்யென்று அனுப்பிவிட்டு வந்திருக்கிறார்.

முதல் தந்தியை நம்பியிருப்பார்கள், இரண்டாவதையும் நம்புவார்கள். அலை மறுபடியும் நிஜம், குழந்தை ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தது என்று மூன்றாவது போனால் எவன் நம்புவான்? பைத்தியம் என்பார்கள். இருந்தாலும் கால் நிற்கவில்லை.

“ராஜமாணிக்கத்தோட சைக்கிளை எடுத்துக்கறேம்மா,” என்று சொல்லிவிட்டுத் தெருக்கோடிக்கு ஓடினார்.