வசதியான குடும்பம்

யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மகள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான். ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையில்தான் இதுவரை படித்தாள். கடைசி வருடத்துக்கு நிறுத்திவிட்டார்களாம். ஏன் என்று கேட்டிருக்கிறாள். ஆள் அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், நாங்கள் வசதியான குடும்பம் என்று தெரியவந்ததாம்.

"யாரு, நாமளா வசதி?"

"அப்படித்தான்மா சொன்னாங்க."

"எந்த நாசமாப் போனவ சொன்னா?"

"மெதுவாப் பேசும்மா. எதிர்வீட்ல கேக்கும்."

கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்டவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. வருகிற வழியிலேயே, தோழி வேலை பார்க்கும் பார்சல் கிடங்கில் பெட்டி கட்ட ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். பெட்டி கட்டுவதற்கா இவளை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தேன்?

எங்கள் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆபீசுக்குப் போகிறேன். அது பொய் இல்லை. போய், அங்கே தரையைத் துடைக்கிறேன், கழிப்பறை கழுவுகிறேன். ஆனால் வீட்டிலிருந்து இறங்கும்போது இஸ்திரி போட்ட உடுப்பும் தோளில் கைப்பையுமாகத்தான் இறங்குவேன். சீருடை அங்கே போய்த்தான். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். கம்பெனி சம்பளத்தை இழுத்து இழுத்துக் கொடுக்கிறது என்பார். வீட்டுக்குள் எப்படி இருந்தாலும் வெளியே ஒரு வார்த்தை போகவிட்டதில்லை. மகளுக்கு வருவது ஏழைகளுக்கான பணம் என்றுகூடச் சொல்லவில்லை; மார்க்குக்காகக் கொடுக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். இந்தக் கட்டடத்தில் ஒருவர் வாயில் விழுந்தால் மூன்று மாடியும் மென்று துப்பிவிடும்.

மறுநாள் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன். தடிமனான கண்ணாடி போட்ட ஒருவர், கணினியைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒருத்தர் பேச்சைக் கேட்டு நாங்க நிறுத்தறது இல்லம்மா. எதிர்வீடு, கீழ்க் கடை, மேல்மாடி, எல்லாருமே ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க."

"என்னன்னு சார்?"

"நல்ல வசதி, ஒரு குறையும் இல்லன்னு." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். என் உடுப்பை, கைப்பையை, காதில் மின்னிய கவரிங் தோட்டை. புத்தி கெட்டவள், பழக்கதோஷத்தில் ஆபீசுக்குக் கிளம்புவது போலவே கிளம்பி வந்திருந்தேன்.

"நாங்க இல்லாதவங்கதான் சார்."

"மறுவிசாரணை கேட்டு எழுதிக் கொடுங்க. வேற ஆள் வருவாங்க. எப்பன்னு சொல்ல மாட்டோம். முதல்ல அக்கம்பக்கம், அப்புறம்தான் உங்க வீடு."

"அவங்க மறுபடியும் அதையே சொன்னா?"

"அப்ப எங்க கையில ஒண்ணும் இல்லம்மா."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஒருவர் சொன்னால் பொறாமை. எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால்? கூடிப் பேசியிருக்கிறார்கள். என் மகள் பட்டம் வாங்கிவிடுவாளே என்று கட்டடத்துக்கே கண் உறுத்தியிருக்கிறது.

முதலில் கீழ்க் கடைக்காரரிடம் போனேன். சோப்பு வாங்குவது போல நின்றேன்.

"எங்களைப் பத்தி யாரோ விசாரிச்சாங்களாமே?"

"ஆமா வந்தாரு ஒருத்தர்." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "உங்களைப் பத்தி நான் தப்பாச் சொல்வேனா? பெரிய இடம்னு சொல்லிட்டேன். நல்ல சாமானாப் பார்த்துத்தான் வாங்குவாங்க, விலையே கேக்க மாட்டாங்கன்னு சொன்னேன்."

கடையில் இருப்பதிலேயே மட்டமான சோப்பு அவர் கையில் இருந்தது. நான் கேட்காமலேயே அதைத்தான் எடுத்திருந்தார். கிண்டல் பண்ணுகிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று புரியவில்லை. எதுவானாலும் அவர் சொந்தமாக யோசித்துச் செய்கிற ஆள் இல்லை. சாவி கொடுத்தது வேறு யாரோ. யாரென்று எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டுக்காரி அரசு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. பார்வையாலேயே ரத்தம் எடுத்துவிடுவாள். நான் கதவைத் திறந்தால் அவள் கதவும் திறக்கும். பையில் என்ன, முகத்தில் என்ன, எல்லாவற்றையும் ஒரு நொடியில் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஆபீசுக்கா?" என்பாள். என்னைவிட ஒரு வயதுகூடச் சின்னவள் இல்லை, ஆனால் அக்காவாம்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"விடு. யாரையும் பகைச்சுக்காத."

"விடறதா? புள்ளை திங்கக்கிழமை கிடங்குக்குப் போறேங்கறா."

"நான் கம்பெனில முன்பணம் கேட்டுப் பாக்கறேன்."

பாவம், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். கேட்டால் கொடுத்துவிடுவார்களா? இருந்தாலும் அவர் அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. காலையில் வழக்கம் போலச் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, லோடு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

எதிர்வீட்டுக்காரியை மாடிப்படியில் மடக்கினேன். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள். வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"எங்களை வசதியானவங்கன்னு சொன்னது நீங்கதானே?"

நெளிவாள், மழுப்புவாள் என்று பார்த்தேன். "ஆமாக்கா, நான்தான்" என்றாள். "மேல்மாடிக்காரங்ககிட்டயும் கடைக்காரர்கிட்டயும் அதையே சொல்லுங்கன்னு சொன்னதும் நான்தான்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "எம் பொண்ணு தலையில கல்லைப் போட்டுட்டு, அதை எம் மூஞ்சிக்கு நேராச் சொல்றீங்களா?"

"என்னக்கா சொல்றீங்க? உங்க பொண்ணுக்கு என்ன?"

உதவித்தொகை என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஏழைகளுக்கானது என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு மற்றதைச் சொன்னேன். அவள் பைகளைப் படியில் வைத்தாள். ஒரு தக்காளி உருண்டு இரண்டு படி இறங்கியது. அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை.

"ஐயோ, நான் அந்தாளை புது ஓனர் அனுப்பின ஆளுன்னு இல்ல நினைச்சேன். வாடகை கட்ட முடியாதவங்களைக் காலி பண்ண வைக்கப் போறாங்கன்னு பேச்சு. இவர் வந்து உங்க வீட்டைக் காட்டி, வருமானம் எப்படி, கஷ்டப்படறாங்களான்னு கேக்கறாரு. யாருன்னும் சொல்லலை. கஷ்டமா, அவங்களுக்கா, ஒரு குறையும் இல்லன்னு அடிச்சு விட்டேன்."

கட்டடம் கைமாறியது உண்மைதான். அந்தப் பேச்சு அடிபட்டதும் உண்மைதான். ஆனாலும் நான் அவ்வளவு சுலபத்தில் நம்பிவிடுகிறவள் இல்லை. நல்ல சாக்காகத்தான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் வேறொன்று சுருக்கென்று தைத்தது.

"அடிச்சு விட்டீங்களா? அப்போ எங்களுக்கு வசதி இல்லன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவள் சட்டென்று குனிந்து தக்காளியைத் தேடினாள். "யாரும் சொல்லலைக்கா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

ஒரு பேச்சுக்காம். காதில் பூ சுற்றுகிறாள். இவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும், யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்? கடைக்காரர் அந்த மட்டமான சோப்பை எடுத்தது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"மறுபடியும் ஆள் வரும். அப்ப உள்ளதைச் சொல்லுங்க."

"உள்ளதுன்னா எந்த அளவுக்குக்கா?"

"கொஞ்சமாச் சொல்லுங்க. கொஞ்சம் கஷ்டம்னு."

"கொஞ்சம் கஷ்டம்னா கொடுப்பாங்களா?"

"உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். உபகாரம் கேட்டவள் நான், முறைத்துக்கொண்டு வந்தவளும் நான். இவள் எங்கே மறுபடியும் குட்டையைக் குழப்பப் போகிறாளோ என்று அன்றிலிருந்து மாடிப்படியில் எந்தக் காலடி கேட்டாலும் பதறினேன். மகளை மட்டும், விசாரணை முடிகிறவரை கிடங்குக்குப் போகக் கூடாது என்று பிடிவாதமாக நிறுத்தி வைத்தேன்.

ஆள் வந்த அன்று எனக்கு வார விடுமுறை. மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வேலைக்குப் போயிருந்தார். எதிர்க் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கதவிலிருந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண், நடுத்தர வயது. நான் தாழ்ப்பாளில் கையை வைத்து, காதைக் கதவோடு ஒட்டிக்கொண்டேன். மகளும் வந்து என் பின்னால் நின்றாள்.

அந்தப் பெண் தான் யாரென்று சொல்லிவிட்டுக் கேட்டாள். "எதிர்வீட்டுக்காரங்க எப்படிம்மா? ஆபீஸ் வேலைன்னு முன்னாடி எழுதியிருக்கு."

"ஆபீஸ் கூட்டற வேலைங்க. இங்கேருந்து நல்லாத்தான் போவாங்க. அங்கே போய்த்தான் மாத்திக்குவாங்க. அந்த ஆபீஸ் ஆளுங்க எங்க லேபுக்கு வருவாங்க, அப்படித் தெரியும்."

கொஞ்சம் என்றுதானே சொன்னேன்?

"சாப்பாட்டுக்கெல்லாம் எப்படி?"

"சில நாள் அவங்க வீட்டு குக்கர் விசில் அடிக்குங்க. இந்த நாலடி தூரத்துல நான் நிக்கறேன், ஒரு வாசனை வராது. வெறும் தண்ணியை வெச்சு விசில் விடறாங்க, எங்களுக்குக் கேக்கட்டும்னு. நான் ஒருநாளும் காட்டிக்கிட்டது இல்லை."

பெற்ற மகளிடம்கூட அதை நான் சொன்னதில்லை. சாப்பிட்டாயிற்று என்று சொல்லித்தான் அவளுக்கு மட்டும் போடுவேன். பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே போய், பொய், இவளுக்கு எங்கள்மேல் வயிற்றெரிச்சல் என்று கத்த வேண்டும் போல இருந்தது. தாழ்ப்பாளை இழுத்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லட்டும்மா" என்றாள் காதோரம்.

"போதும்மா, எழுதிக்கிட்டேன்" என்றாள் வந்தவள்.

"இருங்க மேடம், இன்னும் இருக்கு." எதிர்வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தி என்ன, நாலடிதானே. "அவங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு. அந்தக் கம்பெனியே மூடிட்டாங்க. தினமும் சாப்பாட்டுப் பையோட கிளம்பி எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வருவாரு. டோக்கன் வாங்கறவங்களோட ஃபேனுக்கு அடியில உக்காந்திருப்பாரு. என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவாரு, நானும் பார்க்காத மாதிரி போயிடுவேன். எப்பவாவது லோடு இறக்கக் கூப்பிட்டா போவாரு. அதுல வர்றதைத்தான் வீட்ல சம்பளம்னு கொடுக்கறாருன்னு நினைக்கறேன். இது அந்த அக்காவுக்கே தெரியாதுங்க."

இழுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. கட்டடம் முழுக்கச் சந்தேகப்பட்டேன். கடைக்காரரின் தராசைக்கூடச் சந்தேகப்பட்டவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து முன்பணம் கேட்கிறேன் என்று சொன்ன மனுஷன் முகத்தை மட்டும் நான் நிமிர்த்திப் பார்க்கவில்லை. யாரிடம் போய் முன்பணம் கேட்டிருப்பார்? டோக்கன் கொடுக்கிறவனிடமா?

இப்போது எங்கள் கதவைத் தட்டினார்கள். மகள்தான் தாழ்ப்பாளை எடுத்தாள். அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், எதிர்க் கதவில் சாய்ந்தபடி எதிர்வீட்டுக்காரி நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன் என்று தெரிந்தேதான் பேசியிருக்கிறாளோ என்னவோ. அவள் கண் கலங்கியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கறார்?"

வேன் ஓட்டுகிறார் என்று நாக்கு நுனிவரை வந்தது. மகள் இன்னும் என் கையை விடவில்லை.

"வேலை இல்லீங்க."

"எவ்வளவு நாளா?"

எனக்குத் தெரியவில்லை. பேனாவோடு அந்தப் பெண் காத்திருந்தாள். நான் அவள் தோளுக்கு மேலாக எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

"மழை ஆரம்பிச்சதுலேருந்துக்கா" என்றாள் அவள்.

"மழை ஆரம்பிச்சதுலேருந்து" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.