மணிக்கூண்டுக் கிழவனும் மச்சானும்

அறிவுச்செல்வனுக்கு வாய் கொஞ்சம் நீளம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் முளைத்திருக்கும் புது வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தனியார் பொறியியல் கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடம் எடுக்கிறவர். பாடம் எடுப்பதைவிடப் பையன்களைத் திட்டுவதில் கெட்டிக்காரர். ஆனால் அவர் ஆசை ஆசையாகத் திட்டியது ஒரே ஒருவனைத்தான். அவன் பரசுராமன், மனைவி எழிலரசியின் தம்பி.

பரசு அதே கல்லூரியில் படித்து, அதே மாமாவின் பாடத்தில் கோட்டைவிட்டு, படிப்பைப் பாதியில் விட்டவன். அது போதாதா அறிவுச்செல்வனுக்கு? கல்யாணவீடு, காதுகுத்து, எங்கே போனாலும் மச்சானை வைத்துத்தான் கச்சேரி. போளூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா காபியை நீட்டிக்கொண்டே, "பையன் என்ன படிச்சிருக்காரு?" என்று பொதுவாகத்தான் கேட்டார். பரசு வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இவனுக்கு மேல ரேம் கம்மி, வயித்துல ஸ்டோரேஜ் ஜாஸ்தி. நாலு தடவ ரீஸ்டார்ட் பண்ணியும் பாத்துட்டேன், ஆன் ஆகல."

பெண் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் பெண்ணும் சிரித்தாள். அப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. பரசுவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது என்று எழிலரசிக்கு மட்டும் தெரியும். அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாமாவைப் பார்த்தால் எப்போதும்போல் சிரித்தான். சிரிக்கிறவன் மறந்துவிட்டான் என்று நினைக்கிறவனைப் போல முட்டாள் உண்டா, சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் மாமனையும் மச்சானையும் சேர்த்துவைத்தது ஒரு ஜப்பான்காரன் படம்தான். ‘நீராவி நகரம்’ என்று ஒரு அனிமே தொடர். பரசு பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆரம்பித்தது, அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்தும் முடியவில்லை. ரிகு என்ற பையன் தொலைந்துபோன அண்ணனைத் தேடி ஒரு நகரத்துக்குள் நுழைகிறான். அந்த நகரத்தில் எல்லோர் கையிலும் துளை போட்ட ஒரு தகடு இருக்கும். வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்தால் உள்ளே போய்த் தன் வேலையைச் செய்ய வேண்டும். ஒருவன் முடித்தாலும் சரி, செத்தாலும் சரி, மணிக்கூண்டில் மணி அடிக்கும், அடுத்த ஆள் உள்ளே போவான். மணிக்கூண்டின் உச்சியில் ஒரு கிழவன். கண்ணே மூடாமல் உட்கார்ந்திருப்பான், ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் யார் என்பதுதான் இத்தனை வருடமாக உலகத்தில் பாதிப் பேருக்குத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில் சின்னதாக ஒரு காபிக்கடை போட்ட பரசு, கடைக்கு மேலே இருந்த அறையிலிருந்து யூடியூபில் இந்தத் தொடருக்கு விமர்சனம் பேச ஆரம்பித்தான். வாராவாரம் எபிசோடு வந்ததும் பேசுவான். நன்றாகவே பேசுவான். சுமாராகக் கூட்டம் வந்தது. அறிவுச்செல்வனும் ஒரு சேனல் வைத்திருந்தார். ‘இயங்குதளங்களின் வரலாறு’ என்று ஏழு வீடியோ. எழிலரசி முதல் வீடியோவைப் போட்டுவிட்டு வெங்காயம் அரியப் போய்விட்டாள். மற்றதை அவளும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போன அறிவுச்செல்வன் அப்படியே நிறுத்தினார்.

"டேய் பரசு, அந்தக் கிழவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுடா."

"யாரு மாமா?"

"மானிட்டர்டா! ஸ்க்ரீனச் சொல்லல. ஐம்பதுகள்ல கம்ப்யூட்டர்னா ஒரு ஹால் முழுக்க நிக்கும். ஒருத்தன் துளை போட்ட அட்டைக் கட்டோட உள்ள போவான், வேலை முடியும், அவன் கிளம்பி அடுத்தவன் வர்றதுக்குள்ள அவ்ளோ பெரிய மெஷின் சும்மா கிடக்கும். காசு கரியாகுதேன்னு என்ன பண்ணாங்க? எல்லார் அட்டையையும் பேட்ச்னு ஒண்ணா அடுக்கி, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததைத் தானே எடுத்துப்போடற மாதிரி குட்டியா ஒரு புரோகிராம் எழுதி மெமரியோட ஓரத்துல குடிவெச்சாங்க. எந்த வேலை செத்தாலும் அது சாகாது. தூங்காது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். இன்னைக்கு இருக்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கெல்லாம் அதுதான்டா பாட்டன். தகடுதான் அட்டை, வரிசைதான் பேட்ச், கிழவன்தான் மானிட்டர்!"

"அப்போ கடைசியில இன்னா ஆகும்?"

"ரிகுவோட கதையே ஒரு வேலைதான். அது முடிஞ்சதும் கிழவன் அடுத்த தகட்டை எடுப்பான். அதுல ரிகுவோட அண்ணன் பேர் இருக்கும். செத்தவன் எல்லாம் திரும்ப வரிசையில நிப்பான். எழுதிவெச்சுக்கோ."

பரசு எழுதிவைத்துக்கொள்ளவில்லை. நேரே போய்ப் பேசிவிட்டான். அடுத்த விமர்சனத்தில் அட்டை, பேட்ச், மானிட்டர் எல்லாம் அவன் வாயால் வந்தது. மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று தமிழன் இருக்கிற இடமெல்லாம் அது பரவியது. ‘கிழவன் தியரி’ என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. யார் யாரோ அந்த வீடியோவின் கீழே ஆங்கிலத்தில் வரி போட்டார்கள். பரசுவின் கடைக்கு வெள்ளைக்காரர்கள் தேடி வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அறிவுச்செல்வன் பெயர் அதில் ஒரு மூலையில்கூட இல்லை.

அவருக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இருபது வருடமாகப் பாடம் எடுக்கிறார். பரீட்சைக்கு வருமா வராதா என்பதைத் தவிர ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது எல்லோரும் ஏஐ பக்கம் ஓடிவிட்டார்கள். பழைய கதையெல்லாம் சிலபஸிலேயே இல்லை சார், சுருக்கமா முடிங்க என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். அவர் தலைக்குள் இருந்த அத்தனை வரலாற்றையும் உலகம் காதுகொடுத்துக் கேட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் மச்சான் வாயால். தன் பெயரை ஒரு தடவை, அத்தனை பேர் முன்னால், சத்தமாகச் சொல்லிக் கேட்க வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"சொல்லாம இருப்பேனா மாமா?" என்றான் பரசு. "கடைசி எபிசோடு வரட்டும். தியரி பலிக்கட்டும். உங்களையே லைவ்ல உக்கார வெச்சு சொல்றேன்."

மூன்று வருடம் காத்திருந்தார். ஒருவழியாகத் தொடர் முடியப்போகிறது என்று அறிவிப்பு வந்தது.

இந்த ரசிகர் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. எபிசோடு வெளியாவதற்குச் சில நாள் முன்பே ஜப்பானிலிருந்து கதை கசிந்துவிடும். கசிந்ததைத் தின்கிறவர்கள் ஒரு கட்சி, தொடாமல் விரதம் இருக்கிறவர்கள் ஒரு கட்சி. விமர்சனம் பேசிப் பிழைக்கிறவன் அத்தனை பேரும் தின்கிற கட்சிதான். அறிவுச்செல்வன் விரதக்காரர். அதுவும் சஷ்டி விரதம் தோற்றது போங்கள். போனில் நெட்டை அணைத்துவிட்டார். கல்லூரிக்கு லீவு போட்டார். வீட்டில் உத்தரவு வேறு.

"கடைசி எபிசோடைப் பத்தி இந்த வீட்ல யாரும் வாயைத் தெறக்கக் கூடாது. தெறந்தா மனுசனா இருக்கமாட்டேன்."

"எனக்கு இன்னா தெரியும் உங்க பொம்மைப் படத்தப் பத்தி?" என்றாள் எழிலரசி.

மறுநாள் பரசு வந்தான். மாமாவின் காலைத் தொடாத குறை.

"விரதமா மாமா? கெட்டியா இருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எபிசோடு வருது. அதுக்கு முன்னாடி நீங்க லைவ்ல உக்காந்து தியரிய முழுசாச் சொல்றீங்க. அப்புறம் சேர்ந்தே பாக்கறோம்."

போகும்போது அக்காவைச் சமையலறையில் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான். அவள் அடுப்பைப் பார்த்தபடி தலையை ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமை புருஷனின் நீலச் சட்டையை எடுத்து, கசங்கல் இல்லாமல் தேய்த்து, அவளே பொத்தான் போட்டுவிட்டாள். அறிவுச்செல்வனுக்குக் கல்யாண மாப்பிள்ளை ஆனதுபோல் இருந்தது.

பௌர்ணமி முடிந்த மறுநாள் அது. செங்கம் ரோட்டில் இன்னும் கிரிவலக் கூட்டம் வடியவில்லை. கடைக்கு மேலே அறையில் விளக்குகளைப் போட்டு, மாமாவை நடுநாயகமாக உட்காரவைத்தான் பரசு. எதிரே திரையில் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு பேரை அறிவுச்செல்வன் தன் வகுப்புகளையெல்லாம் கூட்டிப் போட்டாலும் பார்த்ததில்லை.

"மக்களே, மூணு வருஷமா நான் ஒரு உண்மைய மறைச்சுட்டேன்," என்றான் பரசு. "கிழவன் தியரி என்னோடது இல்ல. இதோ இருக்காரு, எங்க மாமா, பேராசிரியர் அறிவுச்செல்வன். அவரோடது."

அந்த நிமிடம் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொல்வானேன், வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தவர்தான், மடை திறந்தார். அட்டைக் கட்டுகளைச் சொன்னார். மானிட்டரைச் சொன்னார். பின்னால் ஒரே மெஷினை நூறு பேருக்குத் துண்டுதுண்டாகப் பங்குபோட்டு, ஒவ்வொருவனையும் மெஷின் தனக்கே சொந்தம் என்று நம்பவைத்த கதையைச் சொன்னார். வாழ்க்கையில் அவ்வளவு அழகாக அவர் பாடம் எடுத்ததே இல்லை. பக்கத்தில் கருத்துகள் மழையாக ஓடின. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் வரிசை வரிசையாக.

"என்னடா, எல்லாரும் சிரிக்கறாங்க?"

"சந்தோசம் மாமா. நீங்க சொல்லுங்க. அப்போ இது முழுக்க உங்களோடது. எனக்கு இதுல பங்கே இல்ல, இல்லீங்களா?"

"ஒரு துளி கிடையாது. உனக்கு ஏதுடா அவ்ளோ மூளை? என் வீட்டு இட்லியத் தின்னுட்டு என் தியரியத் திருடினவன் நீ."

"ஒத்துக்கறேன் மாமா. ஒருவேளை கிழவன் மானிட்டர் இல்லன்னா?"

"இல்லன்னா நான் பாடம் எடுக்கறதையே விட்டுடறேன்!" என்று மேசையைத் தட்டினார் அறிவுச்செல்வன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எபிசோடு ஓடியது. பரசு கேமராவை மாமாவின் முகத்துக்குப் பக்கமாகத் திருப்பிவைத்தான். ரிகு மணிக்கூண்டின் படிகளில் ஏறினான். உச்சிக்குப் போனான். கிழவன் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கிழவனுக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற பழக்கம், அவ்வளவுதான். காதும் கேட்காதாம். மணியை அடித்தது காற்று. ரிகு வயிறு குலுங்கச் சிரித்து, கிழவனுக்கு ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, கீழே இறங்கினான். தெருமுனையில் அண்ணன் கொழுக்கட்டைக் கடை வைத்திருந்தான். இருவரும் கொழுக்கட்டை தின்றார்கள். தொடர் முடிந்தது.

அறிவுச்செல்வனின் வாய் திறந்தபடியே இருந்தது. உலகமே அதைப் பார்த்தது.

"உனக்கு... முன்னாடியே தெரியுமாடா?"

"எல்லாருக்கும் தெரியும் மாமா, மூணு நாளா. பாத்துட்டிருக்கற இத்தனை பேருக்கும் தெரியும்." பரசு அவர் தோளில் கைபோட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "மாமாவுக்கு ரேம் கம்மி மக்களே. ரீஸ்டார்ட் ஆக நேரம் குடுங்க."

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தார் என்று அவருக்கே தெரியாது. எழிலரசி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும். தம்பி சொன்னான்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பாவி?"

"நீங்கதானே வாயைத் தெறக்கக் கூடாதுன்னீங்க." அவள் குரல் ஏறவே இல்லை. "போளூர்ல நீங்க தெறந்த வாயை நான் மூடச் சொல்லியிருக்கணுங்க. அன்னைக்கும் நான் பேசல, இன்னைக்கும் பேசல. கணக்குச் சரியாப் போச்சு. சட்டையக் கழட்டுங்க, ஊறவெக்கணும்."

காலையில் வகுப்புக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் கடைசி பெஞ்சில் ஒருவன் போனில் மணி அடித்தான். பிறகு அடுத்த பெஞ்சில், பிறகு வகுப்பு முழுக்க. ஒரு பயல் கண்ணை அகலத் திறந்துகொண்டு குறட்டை விட்டான். இத்தனை வருடம் அவர் திட்டிய திட்டெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. பாதியில் வெளியே வந்துவிட்டார். பாடம் எடுப்பதை எப்போது விடப்போகிறீர்கள் சார் என்று வராந்தாவில் ஒருவன் பணிவாகக் கேட்டான்.

அவருடைய ஏழு வீடியோக்களையும் ஊரே பார்க்க ஆரம்பித்தது. இத்தனை நாள் ஏங்கிய கூட்டம், ஒரே வாரத்தில். அத்தனையும் கேலி. கொழுக்கட்டைப் படம், குறட்டைச் சத்தம், அம்மா அப்பாவை இழுத்து நாலு வார்த்தை. அவரும் விடவில்லை. சாப்பிடாமல் கொள்ளாமல் உட்கார்ந்து ஒவ்வொருவனுக்கும் பதிலுக்குப் பதில் திட்டினார். அது ஒன்றுதான் அவருக்கு வரும்.

ஒரு மத்தியானம், மூன்றாவது வீடியோவின் கீழே ரேவதி என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ‘சார், அந்த மானிட்டர் இருக்கற இடத்து மேலயே ஒரு வேலை தப்பா எழுதி அதை அழிச்சுட்டா, அடுத்த ஆளை யார் கூப்பிடுவாங்க? அப்போ அதை எப்படித் தடுத்தாங்க?’

இதுவும் கேலி என்றே எடுத்துக்கொண்டார். கிழவன் செத்தால் யார் கூப்பிடுவார்கள் என்று கேட்கிறாள், என்ன கொழுப்பு! ‘உன் மூஞ்சிக்குக் கேள்வி ஒரு கேடா? படிக்க லாயக்கில்லாத கழுதை, போய் எங்கேயாவது பாத்திரம் தேய்’ என்று தட்டி அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘மன்னிச்சிடுங்க சார். நான் செய்யாறுல பிசிஏ ரெண்டாவது வருஷம். அனிமேலாம் பாக்க மாட்டேன். எங்க காலேஜ்ல இதைச் சொல்லித்தர ஆள் இல்ல. உங்க ஏழு வீடியோவும் ரெண்டு தடவை பாத்தேன். கேட்டது தப்புன்னா இனிமே கேக்க மாட்டேன்.’

அறிவுச்செல்வன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவள் கேட்டது சரியான கேள்வி. அப்படி நடந்தது, மானிட்டரை வேலைகள் அழித்தன, அதற்காகத்தான் மெமரிக்கு வேலி போட்டார்கள். இருபது வருடமாக அவர் காத்திருந்த கேள்வி. ‘அம்மா ரேவதி’ என்று ஆரம்பித்து, வேலியைப் பற்றி, வேலி தாண்டியவனை மெஷின் எப்படிப் பிடித்தது என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தட்டினார். முடித்துவிட்டு அனுப்பப் போனார்.

கேள்வி அங்கே இல்லை. மன்னிப்பும் இல்லை. இரண்டையும் அழித்துவிட்டு அவள் போயிருந்தாள்.

"ஏங்க, சாப்பிட வர்றீங்களா இல்லையா?" என்று உள்ளிருந்து எழிலரசி கூப்பிட்டாள்.

"எழில், ஒரு பொண்ணு கேள்வி கேட்டுச்சு," என்றார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

அவர் வாயைத் திறக்கவில்லை.