மண் பூசிய கேரட்

மண்ணை எடை போட்டு விற்பது திருட்டு. ஒரு கிலோ கேரட்டுக்குக் காசு வாங்கினால் ஒரு கிலோ கேரட் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் பிடுங்கிய கேரட்டைத் தொட்டித் தண்ணீரில் அலசி, வால்வேரைக் கிள்ளிவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவேன். சந்தையில் எனக்கு 'சோப்பக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். வைத்துக்கொள்ளட்டும், பேரால் எனக்கென்ன தேய்ந்துவிடப் போகிறது.

சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடும் நேரடிச் சந்தை அது. விளைவிக்கிறவர் கையிலிருந்து சாப்பிடுகிறவர் கைக்கு, நடுவில் தரகரே கிடையாது என்று வாசலில் துணி கட்டியிருப்பார்கள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகராசிகள் காரில் வந்து இறங்குவார்கள். என் கேரட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "கடையில வாங்கினது மாதிரியே இருக்கே," என்று வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்வார்கள்.

அடுத்த கடை என் மாமாவுடையது. கூடப்பிறந்த அக்காள் புருஷன். இந்தக் கடை போடும்வரை இன்சூரன்ஸ் பாலிசி விற்றுக்கொண்டிருந்த மனிதர். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். விடிகிற நேரத்தில் மண்டியில் கழுவின கேரட்டை மூட்டையாக வாங்கி வந்து, வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, சுண்ணாம்பு அடிக்கிற பிரஷ்ஷால் குழைத்த மண்ணைப் பூசுவார். அந்த மண்ணும் என் வயல் மண்தான். தொட்டிச் செடிக்கு வேண்டுமென்று அக்கா வாளி வாளியாக வாங்கிப்போனது.

"நேத்து சாயங்காலம் பிடுங்கினதும்மா. தொட்டுப் பாருங்க, ஈரம் கூடக் காயல," என்பார் மாமா. துணிப்பைக்காரிகள் தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். கேக்கிறவன் கேனையனா இருந்தா எருமை மாடு ஏரோப்ளேன் ஓட்டும் என்பது சும்மாவா. அவர் கடையில் தள்ளுமுள்ளு, என் கடையில் ஈ. அக்கா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததுதான் என் புத்திகெட்ட வேலை.

இப்படி இருக்கும்போது சந்தைச் சங்கம் புது விதி போட்டது. கடை வேண்டுமென்றால் வயலைக் காட்ட வேண்டும். ஒரு வயலுக்கு ஒரு கடைதான். மாமாவுக்குத்தான் வயலே கிடையாதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கடை போனால் என் கேரட் முழுக்க மண்டிக்குத்தான் போக வேண்டும். மண்டி விலை பிடுங்குகிற கூலிக்குக்கூடக் காணாது. இரண்டு பருவம் அப்படிப் போனால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் எவர் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான். அப்பா விட்டுப்போன அந்தத் துண்டு நிலத்தைத் தவிர எனக்கு வேறு நாதியில்லை. அக்கா தன் பங்கை நகையாக வாங்கிக்கொண்டு கல்யாணத்தோடு கிளம்பினவள்.

அன்று மாலையே அக்கா வந்தாள். கண்ணில் தண்ணீர் தயாராக இருந்தது.

"ஒரே ஒரு தடவை, இது எங்க வயல்னு காட்டிக்கறோம்டி."

"அப்ப என் கடை?"

"நீ ஒண்டிக்கட்டை, எப்படியும் சமாளிச்சுக்குவ. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"முடியாதுக்கா. என்னை யாராவது கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன்."

மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சொல்லியிருக்கிறார்களே.

இரண்டு நாள் கழித்து நான் பாத்தியில் மண்டி போட்டுக் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சேற்றில் முழங்கை வரை என் கையே தெரியவில்லை. வரப்பில் ஆள் அரவம் கேட்டு நிமிர்ந்தால், சங்கத் தலைவியம்மா, அவர் பின்னால் மாமா, அவர் பின்னால் அக்கா. எனக்குத் தகவல் சொல்லாமல் முந்திக்கொண்டு கூட்டி வந்திருக்கிறார்கள். மாமா காலில் புத்தம் புது ரப்பர் பூட்ஸ், விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை.

"அழகா வச்சிருக்கீங்க," என்றார் தலைவியம்மா மாமாவைப் பார்த்து. பிறகு என்னைக் காட்டினார். சோப்பக்காவைச் சேற்றில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "இவங்க யாரு?"

பதில் சொன்னது அக்கா.

"வேலைக்கு வர்றவங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், கேட்டிருக்கிறேன். கூடப்பிறந்தவளை அவள் வயலிலேயே வைத்து மறைக்கிறதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொன்னதற்குக்கூட இல்லை. 'வர்றவ' என்று சொல்லாமல், மரியாதையாக, முன்பின் தெரியாத ஆளைச் சொல்வதுபோல் 'வர்றவங்க' என்றாளே, அதற்கு.

எழுந்து கையை உதறினேன். "அம்மா, நான் உங்க சந்தையில கடை போடறவ. இது எங்க அப்பா எனக்கு விட்ட நிலம். இவ என் அக்கா, இவர் அவ புருஷன். இவர் மண்டியில வாங்கி, என் மண்ணைப் பூசி உங்களுக்கு விக்கிறார்."

தலைவியம்மா முகம் வெளிறியது. மாமா பூட்ஸைப் பார்த்தார். சரி, இத்தோடு ஒழிந்தது சனியன் என்று எண்ணினேன். ஆனால் அந்த அம்மாள் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"கூட்டம் இவர் கடைக்குத்தானே வருது. இவர் இல்லைன்னா பாதிப் பேர் வரமாட்டாங்க. ஒண்ணு செய்யுங்க. விளைவிக்கிறது நீங்க, விக்கிறது இவர். குடும்பத்துக்கு ஒரே கடை. கழுவாம மட்டும் குடுத்துடுங்க."

"நடுவுல தரகர் இருக்கக் கூடாதுன்னுதானே இந்தச் சந்தையே வச்சீங்க?"

"இவர் தரகர் இல்லையே. உங்க மாமாதானே."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அக்கா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல ஏற்பாடுதான்டி," என்றாள். இப்போது 'டி' வந்துவிட்டது.

"என் கேரட்டு என் கையாலதான் விக்கும். போய்ட்டு வாங்க," என்று மறுபடியும் பாத்தியில் குந்தினேன். குடும்பத்துக்கு ஒரே கடை என்ற கணக்கில் கடை மாமாவுக்கே போனது.

சனிக்கிழமை விடிய நான் மண்டியில் நின்றேன். மண்டிக்காரர் பச்சைத் திருடர்தான், ஆனால் நேரடி, தூய்மை என்று துணி கட்டித் திருடுகிறவர் இல்லை. என் குவியலைக் கொட்டி முடிக்கவில்லை, மாமா வந்துவிட்டார். நூறு குவியலுக்கு நடுவில் அவர் கண் போய் விழுந்தது, அலசிப் பளபளவென்று கிடந்த என் சரக்கின் மேல்தான்.

"அண்ணே, இது நம்ம மச்சினி சரக்கு. சொந்தக்காரங்க. விலையைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க," என்றார் மண்டிக்காரரிடம், என் பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டே.

மண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொந்தமா?"

"ஆமா. அதனால மத்தவங்களுக்குச் சொல்ற விலையில ஒன்றரை மடங்கு போடுங்க. இல்லைன்னா இவருக்குக் குடுக்க வேணாம்."

மாமா மணிக்கட்டைப் பார்த்தார். மைதானத்தில் துணிப்பைகள் வந்து சேருகிற நேரம் நெருங்கிவிட்டது, இன்னொரு குவியல் தேடிப் பேரம் பேச நேரமில்லை, மண் பூச வேறு நேரம் வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். மூட்டையை வண்டியில் ஏற்ற ஒரு கை பிடிக்கச் சொல்லிக் கேட்டார், நான் பிடிக்கவில்லை.