கழிவறை வாசலில் ஒரு கேமரா

பொட்டலம் கட்டும் கூடத்தில் கேமராக்களை மாட்டியவர் கம்பெனி எலக்ட்ரீஷியன்தான். கூரையிலிருந்து தொங்கும் கறுப்புக் கண்ணாடி உருண்டைகள். ஏன் கறுப்பு? உள்ளே கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கீழே இருப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரியாவிட்டால் எல்லாப் பக்கமும் பார்ப்பதாகவே மனசு எடுத்துக்கொள்ளும். இந்தச் சூட்சுமம் பிடிபட்டதும் மேலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். வெளியே தெரியப்போவதில்லை என்றால் உள்ளே கேமராதான் எதற்கு? கூடத்தின் நுழைவாயிலில் இருப்பதைத் தவிர மற்றவை வெறும் கூடு. காற்றில் ஆடாமலிருக்க, கனத்துக்கு ஓர் இரும்பு நட்டு. மினுக்க ஒரு சிவப்பு விளக்கு, அதற்கு ஒரு பேட்டரி. இது மேலாளருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் மட்டுமே தெரியும்.

அப்படித் தெரிந்து வைத்திருப்பதில் அவருக்கு ஒரு மிதப்பு. ஏணியோடு நுழைந்தாலே கூடத்தில் பேச்சு அடங்கும்.

"அண்ணே, நேத்து நான் கொட்டாவி விட்டது கேமராவுல விழுந்துருச்சா?" என்று டேப் ஒட்டுகிறவர் கேட்பார்.

"உன் சொத்தைப் பல்லு வரைக்கும் விழுந்துருக்கு" என்பார் இவர். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கையை வேகமாக ஓட்டுவார்கள்.

அவர் மனைவியின் தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். ஒரு நாள் பெட்டி அடுக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிறுநீரகத்தில் கிருமி. இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகமே கெட்டுவிடும் என்றார் டாக்டர்.

"ஏண்டி, தண்ணியே குடிக்க மாட்டியாமே?" என்று அக்காக்காரி கடிந்துகொண்டாள்.

"குடிச்சா போகணுமேக்கா. கக்கூஸ் வாசல்ல கேமரா இருக்கு. யாரு எத்தனை தடவை போறாங்கன்னு எண்ணுதாம். மாமாவைக் கேளு, அவரு மாட்டினதுதானே."

மனைவி அடுப்படிக்குப் போகும்வரை அவர் காத்திருந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அதுக்குள்ள ஒண்ணும் கிடையாதும்மா. வெறும் கூடு. நீ தாராளமா போ."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்படிச் சொல்லிப் பார்க்கச் சொன்னாங்களா மாமா? யாரு அடிக்கடி போறான்னு பிடிக்கவா?"

"என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கூனிக் குறுகிப் போனார்.

மருந்து முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றும் அவளுடைய தண்ணீர் பாட்டில் திறக்காமலே இருந்தது. அவர் கழிவறை வாசலில் ஏணியைப் போட்டு ஏறினார். உருண்டையை இடப்பக்கமாகத் திருகினால் கையோடு வந்துவிடும். கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் எழுவது தெரிந்தது. வேலை போய்விடும் என்பதும் தெரிந்தது. இறங்கி வந்து, உருண்டையை அவள் மேஜைமேல் கவிழ்த்தார். நட்டு உருண்டு ஓடியது. சிவப்பு விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

டேப் ஒட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். "என் சொத்தைப் பல்லு எங்கண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை.

அவள் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். "மாட்டும்போதே தெரியுமா மாமா?"

"தெரியும்."

அவள் பாட்டிலைத் திறந்து, மூச்சு வாங்க வாங்கக் குடித்தாள். பிறகு எழுந்து கழிவறைப் பக்கம் நடந்தாள். வழியை அடைத்துக்கொண்டிருந்த ஏணியை நகர்த்த அவர் ஓடினார். அதற்குள் அவள் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தாள்.